காயடிச்ச காலனி

சோல், தென்கொரியா
14 மே 1978

மிசுக் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அந்தப் பாலைவன வெயில் உங்களையும் சுகமாக விட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

புது வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மூன்றாம் மாடி. குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வருகிறது. சின்னவள் ஹூனாம் அதை நம்பாமல் விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டாள், அழாமல் மறுபடியும் நீட்டினாள். கரி வாங்கவும் வேண்டாம், சாம்பல் அள்ளவும் வேண்டாம், தரை தானாகச் சுடுகிறது. அந்த வாடகை அறையில் கக்கூஸுக்கு வரிசையில் நின்றதும், பொட்டைப் பிள்ளைகள் இரைச்சல் தாங்கவில்லை என்று வீட்டுக்காரி சுவரைத் தட்டியதும் போன பிறவி போல இருக்கிறது. வீட்டுக் குலுக்கலுக்கு முந்தின நாள் என் கனவில் அதிர்ஷ்டப் பன்றி வந்தது இல்லையா, அதுதான் நமக்கு இந்த வீட்டைக் கொடுத்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அத்தையும் ஊரைக் காலி செய்துகொண்டு நம்மோடு வந்துவிட்டார்கள். கூடவே சோயா ஜாடிகளும் வந்தன. பால்கனியில் அவற்றை வைத்தால் தளம் இடிந்து விழும் என்று அத்தை ஒரு வாரம் தூங்கவில்லை. வாசலில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவள் மிசுக்கிடம் கேட்டார்கள். ஆணோ பெண்ணோ இரண்டோடு நிறுத்துங்கள் என்று அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல ராகம் போட்டு வாசித்தாள். அத்தை காறித் துப்பிவிட்டுத்தான் படியேறினார்கள்.

கஷாயமும் இங்கே வந்துவிட்டது. ஊர் வைத்தியர் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள் ஒரு மூட்டை. இரண்டு வருஷமாகக் குடித்ததில் என் நாக்கு செத்துப்போய்விட்டது. சூப்புக்கு உப்புப் பார்க்க மிசுக்கைத்தான் கூப்பிடுகிறேன். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நான் குடித்து யாருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேட்டேன். "அவன் லீவுல வர்றப்ப ஒடம்பு தயாரா இருக்க வேணாமா? ரெண்டு தடவ ஏமாத்தினது போதாதா?" என்றார்கள். மூன்று ஆண்பிள்ளை பெற்ற யாரோ ஒருத்தியின் உள்பாவாடையை வாங்கி வந்து கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டியிருக்கிறேன். அவள் என்னைவிடப் பருமன் போல, இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது.

நீங்கள் எழுதுவதை அத்தைக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள்
மிசுக் அம்மா

---

ஜுபைல், சவூதி அரேபியா
6 ஜூன் 1978

மிசுக் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தரைச் சூடு இதமாக இருக்குமே. உங்கள் மகன் கட்டிய வீடு என்று நினைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுங்கள். தளம் இடியாது. நான் கட்டடக்காரன், எனக்குத் தெரியும்.

இங்கே துறைமுகத்தில் கான்கிரீட் போடுகிறோம். பகலில் இரும்புக் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. டின்னில் வரும் முட்டைக்கோஸ் ஊறுகாயைக் கிம்ச்சி என்று சொல்லிக்கொண்டு தின்கிறோம். பக்கத்துக் கட்டில்காரனுக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறதாம். எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தான்.

கஷாயம் கசக்கத்தான் செய்யும். அம்மா நம் நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் குடித்துவிடு. ஹூனாமுக்கும் மிசுக்குக்கும் முத்தம். செப்டம்பரில் அறுவடைப் பண்டிகைக்கு லீவு கிடைக்கும் போலிருக்கிறது.

மிசுக் அப்பா

---

சோல்
27 ஜூலை 1978

மிசுக் அப்பாவுக்கு,

மழை விட்டபாடில்லை. பிள்ளைகள் இருவருக்கும் சளி. பயப்படும்படி ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து வாசியுங்கள். கட்டில்காரர்களுக்கு நடுவில் வேண்டாம்.

நேற்று முன்தினம் எங்கள் கட்டடத்தின் மாதக் கூட்டம். 101-ஆம் வீட்டு அக்காதான் தலைவி, அவள் வீட்டில்தான் கூடினோம். குப்பை, தண்ணீர் எல்லாம் பேசி முடித்த பிறகு, படிக்கட்டு முழுக்க நாறும் அந்தக் கஷாயம் யார் வீட்டில் கொதிக்கிறது என்று கேட்டாள். எங்கள் வீட்டில்தான், ஆண்பிள்ளைக்காகக் குடிக்கிறேன் என்றேன். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"தங்கச்சி, இங்க வந்து எதுக்கும்மா கஷாயம் குடிக்கிற? எங்க வீட்டுக்காரரு, 204, 402 வீட்டு ஆம்பளைங்க எல்லாம் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டு வந்தவங்கதான். சர்டிபிகேட் காட்டினவங்களுக்குத்தான மொதல்ல வீடு குடுத்தாங்க? டாக்சிக்காரன்கிட்ட காயடிச்ச காலனின்னு சொல்லிப் பாரு. வழி கேக்காம கொண்டாந்து விடுவான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய? படியேறி வரும்போதுதான் கவனித்தேன், இத்தனை வீடுகளில் ஒரு கொடியிலும் குழந்தைத் துணி காயவில்லை. சறுக்கு மரத்தில் விளையாடுகிறவை எல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

போன வருஷம் வசந்தத்தில் ரிசர்வ் படைப் பயிற்சிக்குப் போனீர்கள். மாலைதான் வரவேண்டியவர், பாதி நாளிலேயே டாக்சியில் வந்தீர்கள். பள்ளத்தில் விழுந்து தொடையிடுக்கில் அடிபட்டுவிட்டது என்று படுத்தீர்கள். நான் கடன் சொல்லி மாட்டெலும்பு வாங்கி வந்து சூப்பு வைத்தேன். பயிற்சி மைதானத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு வேன் வருமாம், சரி என்று ஏறிக்கொண்டவர்களை மிச்சப் பயிற்சி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதையும் அந்த அக்காதான் சொன்னாள். வீட்டுக்கான காகிதங்களை நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு அலைந்தீர்கள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்றீர்கள். அதற்குப் பிறகும் வெளிநாடு போகும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து நான் கஷாயம் குடிப்பதைப் பார்த்தீர்கள். குடித்து முடித்ததும் என் வாயில் ஒரு மிட்டாயும் போட்டீர்கள்.

குலுக்கலா, சர்டிபிகேட்டா?

செய்திருந்தால் செய்ததுதான். அந்த ஒற்றை அறையில் நாம் பட்டது எனக்கும் தெரியும், இதற்காக நான் ஊரைக் கூட்டமாட்டேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் கையால். வாசித்துக் காட்டுகிறேன். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். ஊரில் யாரோ ஒரு விதவை இருக்கிறாளாம், ஆண்பிள்ளையாகவே இரண்டு பெற்றவளாம். அவள் பேச்சு இப்போது வீட்டில் அடிக்கடி வருகிறது. எதற்கு என்று உங்களுக்குப் புரியும்.

மிசுக் அம்மா

---

ஜுபைல்
19 ஆகஸ்ட் 1978

மிசுக் அம்மாவுக்கு,

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்குச் சளி விட்டதா? தேனும் இஞ்சியும் கொடு.

மாதக் கூட்டம் என்றால் நாலு பெண்கள் கூடி வாய்க்கு வந்ததைப் பேசத்தான் செய்வார்கள். அதையெல்லாம் வீடுவரை தூக்கிக்கொண்டு வரலாமா? உன் பன்றிக் கனவு கொடுத்த வீடு என்று நீயே சொன்னாய். அப்படியே இருக்கட்டும். வெயிலில் வேலை செய்கிறவனுக்கு நிம்மதியாக நாலு வரி எழுதக்கூடாதா?

செப்டம்பர் பத்தாம் தேதி வருகிறேன். ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லாதே. உன்னை நினைக்காத நாளில்லை.

மிசுக் அப்பா

---

சோல்
22 அக்டோபர் 1978

மிசுக் அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. ஒலிப்பதிவுப் பெட்டியில் ஹூனாம் தன் குரலைத் தானே கேட்டு, இந்தப் பொண்ணு யாரு என்கிறாள்.

நீங்கள் இருந்த நாட்களில் நான் அதிகம் பேசவில்லை. நீங்களாகப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். அத்தை நம் அறையைக் கூட்டிப் பெருக்கி, புது மெத்தை விரித்து, தலையணைக்கு அடியில் என்னவோ தாயத்து வைத்து, பிள்ளைகளைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டார்கள். அவ்வளவும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பார்கள், வயிற்றைப் பார்ப்பார்கள். உங்களைப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்கள்.

மாமனாருக்குப் படையல் வைத்த அன்று அந்த விதவையை விருந்தாளி என்று கூட்டி வந்தார்கள். யாங் கில்யே. என்னோடு உட்கார்ந்து அரிசிக் கொழுக்கட்டை பிடித்தாள். கெட்டவள் இல்லை. தன் பிள்ளைகளை மாமனார் வீட்டில் பறித்துக்கொண்டார்கள் என்று சொல்லும்போது கை நின்றுபோயிற்று. அவளுக்கும் போக்கிடமில்லை. நான் படையல் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை மூடியபோது அத்தை உங்களிடம் பேசுவது கேட்டது. "மார்ச்சுல நீ ஒரேயடியா வந்துடு. இவளும் புள்ளைங்களும் கொஞ்ச நாள் அவ அண்ணன் வீட்ல இருக்கட்டும். கில்யே இங்க வரட்டும். ஒரு பையனப் பெத்துக் குடுத்துட்டா அப்பறம் பாத்துக்கலாம்."

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஈரக் கையோடு நின்றேன்.

"சரிம்மா. ஒங்க இஷ்டம்."

விமான நிலையப் பேருந்தில் உங்களிடம் நேராகவே கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்களால் யாருக்கும் குழந்தை கொடுக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கில்யே வந்து நாலு வருஷம் கஷாயம் குடித்தாலும் ஒன்றும் பிறக்காது. அப்போது அவளையும் மலடி என்று அனுப்பிவிட்டு அடுத்தவளைத் தேடுவீர்களா?

"கொஞ்ச நாள்" என்று அண்ணன் வீட்டுக்குப் போன எந்தப் பெண் திரும்பி வந்திருக்கிறாள், சொல்லுங்கள். இன்னும் காலம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மிசுக் அம்மா

---

ஜுபைல்
15 நவம்பர் 1978

மிசுக் அம்மாவுக்கு,

அம்மாவுக்கு என் வணக்கம்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபம் ஆறியபின் யோசித்துப் பார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒற்றை ஆண்பிள்ளை. அம்மா இருபத்தாறு வயதில் விதவையாகி நின்று, மீன் சுமந்து என்னை வளர்த்தார்கள். அந்த வயதானவளின் நெஞ்சு வெடிக்கும்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவேண்டும் என்கிறாயா? நடக்கிறது நடக்கட்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம். தானே அலுத்து விட்டுவிடுவார்கள். அதுவரை நீ பொறுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? உன் பெயர் குடும்பப் பதிவிலிருந்து எங்கும் போகாது. நீதான் மூத்த தாரம்.

அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடு.

இங்கே மணற்புயல் அடிக்கிறது. பல்லிடுக்கெல்லாம் மண்.

மிசுக் அப்பா

---

சோல்
8 டிசம்பர் 1978

மிசுக் அப்பாவுக்கு,

முதல் பனி விழுந்தது. கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று. இந்தத் தடவை முட்டைக்கோஸ் நன்றாக இருக்கிறது.

நான் முழுகாமல் இருக்கிறேன். செப்டம்பருக்குப் பிறகு தூரமாகவில்லை. வாந்தி ஆரம்பித்துவிட்டது.

உங்கள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான். சொன்னால் கில்யே வரவேண்டிய அவசியமிருக்காது, நானும் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு வருஷக் கஷாயம் கடைசியில் வேலை செய்துவிட்டது, பாருங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

மிசுக் அம்மா

---

ஜுபைல்
20 டிசம்பர் 1978

மேங் ஓக்பூனுக்கு,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

அது யாருடையது?

அது என் குழந்தை இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறாய், என்ன துணிச்சல் உனக்கு. ஆமாம், நான் செய்துகொண்டேன். போன வருஷம் ஏப்ரலில், பயிற்சி மைதானத்தில். ஒருவன் ஒலிபெருக்கியில் பேசினான், விருப்பமுள்ளவர்கள் வேனில் ஏறலாம், வீட்டுக்கு முன்னுரிமை உண்டு என்றான். ஏறினேன். யாருக்காக ஏறினேன்? வீடு வீடு என்று தினமும் என் உயிரை எடுத்தது நீதானே? ஆம்பிளைத்தனத்தைக் கொடுத்து உனக்குச் சுடுதண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு நீ காட்டும் நன்றி இதுதானா? நான் இங்கே தீயில் வேகிறேன், நீ அந்த வீட்டில் எவனோடு இருந்தாய்?

அதற்குப் பிறகு டாக்டரிடம் சோதனையும் செய்தாயிற்று. என்னிடமிருந்து ஒரு புழு பூச்சிகூடப் பிறக்காது. ஆகவே என் தலையில் கட்டலாம் என்று கனவு காணாதே.

அம்மாவிடம் வாயைத் திறக்காமல் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. உன் பொட்டைப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போ. எனக்கு ஒன்றும் வேண்டாம். நான் வரும்போது உங்களில் ஒருத்தியும் அங்கே இருக்கக்கூடாது.

பே ஜோங்தெக்

---

சோல்
9 ஜனவரி 1979

பே ஜோங்தெக் அவர்களுக்கு,

கடிதம் விரைவுத் தபாலில் வந்தது. இதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் உங்களுக்கு அந்த அவசரம் வந்ததில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. நான் எவனோடும் இல்லை. வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் கையெழுத்தில் அந்த ஒரு வரி எனக்கு வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. பொய் சொன்னேன், வந்துவிட்டது.

அம்மாவுக்கு வாசிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். இந்தத் தடவை ஒரு பத்தியும் விடவில்லை, அந்தப் புழு பூச்சியைக்கூட விடவில்லை. எவனோடு இருந்தாய் என்ற இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.

திரும்ப வாசி என்றார்கள். திரும்ப வாசித்தேன். பிறகு கேட்டார்கள்.

"அப்ப அவன் பக்கத்துல இருக்கிறப்பவே நீ குடிச்சிக்கிட்டு இருந்தியா?"

ஆமாம் என்றேன்.

"அவன் பாத்துக்கிட்டு இருந்தானா?"

ஆமாம் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைக்காதீர்கள். "வீடு வேணும்னு அவன நச்சரிச்சவ நீதான?" என்றுதான் அடுத்துக் கேட்டார்கள். அதற்கும் ஆமாம் என்றேன். நச்சரித்தது உண்மைதானே. மறுநாள் உங்கள் அக்கா வீட்டுக்கு, தேகுவுக்குப் பேருந்து ஏறினார்கள். கில்யேவை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. உங்களுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவனுக்கு எழுதாதே என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் சார்பில் ஒன்றும் எழுதவில்லை. இது என் கடிதம்.

வேனில் ஏறியதற்காக உங்களை நான் வெறுக்கவில்லை. ஜூலையில் ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், சாகும்வரை உங்களுக்குச் சூப்பு வைத்துக் கொடுத்திருப்பேன். வயதானவள் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தீர்கள். என் நெஞ்சைப் பற்றி அந்தப் பயம் வரவில்லை. என்னை இந்த வீட்டில் வைத்திருக்க வாயிலிருந்து வராத வார்த்தை, என்னை வேசி என்று சொல்ல வேண்டி வந்ததும் கடிதம் கிடைத்த கையோடு வந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு படித்தவள் ஒருத்தி இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். பின்னால் ஓர் அறை இருக்கிறது. கரி அடுப்புதான், பழக்கப்பட்டதுதான். சாவி 101-ஆம் வீட்டில் இருக்கும். சர்டிபிகேட் கொடுத்து வாங்கிய வீடு, நன்றாக இருங்கள்.

நீங்கள் சொன்னபடியே மிசுக்கையும் ஹூனாமையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கோபம் தணிந்த பிறகு நீங்கள் பிள்ளைகளைக் கேட்டு வரக்கூடும் என்பதால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு இனிப் பிறக்கப்போகிறது ஒன்றுமில்லை, பிறந்தது இந்த இரண்டுதான். அந்த இரண்டையும் வேண்டாம் என்று நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

மேங் ஓக்பூன்